சாமி துடைத்த டிரைவ்

கார்த்திகை மாதத்தில் யாராவது கறுப்பு வேட்டியும் மாலையுமாக எதிரே வந்து நின்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கம்ப்யூட்டர் டிரைவ்தான். மாலை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் அண்ணனே வருஷா வருஷம் மாலை போடுகிறவன்தான். அவன் மலைக்குப் போய்விட்டு வரும்வரை எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். என் அருவருப்பெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல். இத்தனை வருஷம் ஆகியும் அது தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைனராக இருந்தேன். பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு, தினமும் காலை பஸ்ஸைப் பிடித்து அரியலூருக்கு வேலைக்குப் போனேன். பிலிம் போய் டிஜிட்டல் வந்திருந்த புதிது. கல்யாண மாப்பிள்ளையைப் பனிமலைக்கு முன்னால் நிறுத்துவதும், பெண்ணின் முகத்தை ரோஜாப்பூவுக்குள் வைப்பதும்தான் என் வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும் ரோடு அது. மானிட்டர் மேல் போட்ட துணியை மத்தியானத்துக்குள் இரண்டு தடவை உதறுவேன். அந்தப் புழுதிக்குள் உட்கார்ந்து பனிமலை செய்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஸ்டூடியோ முதலாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பட்டை, பேச்சில் வெல்லம். போட்டோ எடுக்க வரும் பெண்களை எல்லாம் 'தங்கச்சி' என்பார். "தங்கச்சி, கொஞ்சம் தலைய சாய்ங்க, ஆங், அப்புடித்தான்" என்று அவர் சொல்வதைக் கேட்டால் கூடப்பிறந்தவர் தோற்றுப்போக வேண்டும். ஊரில் அவருக்கு நல்ல பெயர். நானும் நல்ல பெயர்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். புது டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்திருந்தோம். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் ஸ்டூடியோ எடுத்த கல்யாணப் படங்கள் மொத்தமும். பழைய டிஸ்க் ஒரே பாகம், அது இ டிரைவ். "இ-ல மட்டும் கை வைக்காதம்மா, அது சாகப்போற டிஸ்க்கு. தொட்டின்னா மொத்த மிஷினும் படுத்துரும்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். சாகப்போகிற டிஸ்க்கை எதற்கய்யா உள்ளே மாட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மரியாதை ஒரு கேடு.

கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் நான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது அவர் மாலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், சந்தனம். நான் வழக்கம்போல அண்ணே என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னையிலேர்ந்து சாமின்னுதான் கூப்புடணும்மா."

"சரிங்க சாமி."

கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் வந்தது. டி டிரைவைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் நான் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"சாமி, டி டிரைவ் போயிருச்சு. படம் ஒண்ணும் இல்ல."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் வாய் உடனே திறந்துகொண்டது. "வைரஸ்மா. நேத்து ஒருத்தன் பென் டிரைவ் கொண்டாந்தான்ல, அதுலேர்ந்துதான்."

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் வைரஸ். கரண்ட் போனாலும் வைரஸ். நான் சிபியூ பெட்டியைத் திறந்தேன். பெயின்ட் பிரஷ்ஷால் புழுதியைத் தட்டினேன். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். வேறு கேபிள் மாற்றிப் பார்த்தேன். டிஸ்க்குக்கு ஒரு நோவும் இல்லை. டி டிரைவின் இடம் அப்படியே இருந்தது, அளவும் சரியாகக் காட்டியது. உள்ளே இருந்ததுதான் இல்லை. நான் படித்த சென்டர் சார் கொடுத்திருந்த ரெக்கவரி சிடியைப் போட்டு ஓடவிட்டேன். அழித்த ஃபைல்களைத் தோண்டி எடுக்கும் சாஃப்ட்வேர் அது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அது ஊர்ந்து போக ஒரு பகல் ஆகும்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமம். முந்திரிக் காடு வைத்திருக்கும் குடும்பம். அவள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் போட்டோ எடுத்தோம். ஆல்பத்தில் அவள் முகத்தைச் சுற்றி நான்தான் ரோஜாப்பூ போட்டேன், அதனால் பார்த்ததுமே தெரிந்தது. ஆல்பத்தில் இருந்த கன்னம் இப்போது இல்லை. வயிறு லேசாகத் தெரிந்தது.

"சாமி," என்றார் அவள் அப்பா, மாலையைப் பார்த்துவிட்டு. "எம்பொண்ணு கல்யாண போட்டோ நெகட்டிவ் இருக்குமுங்களா? வக்கீலு கேக்குறாரு."

டிஜிட்டல் வந்த பிறகும் சனங்கள் நெகட்டிவ் என்றுதான் கேட்பார்கள். என்ன விஷயம் என்று நான் கேட்டேன். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை அவளைக் கொண்டுவந்து அப்பன் வீட்டில் விட்டுவிட்டு, வேறொரு இடத்தில் பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டானாம். கேட்கப் போனால், கல்யாணமே நடக்கவில்லை, கோயிலுக்குக் கூட வந்தாள், அவ்வளவுதான் என்கிறானாம். கோயிலில் நடந்த கல்யாணம், எங்கும் பதியவில்லை. எங்கள் பக்கம் போட்டோவுக்குச் சொல்வது மாப்பிள்ளை வீட்டார்தான். ஆல்பமும் சிடியும் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். போனது போனதுதான். பெண் வீட்டாரிடம் ஒரு துண்டுப் படம்கூட இல்லை.

"வயித்துல இருக்குறதுக்கு அப்பன் யாருன்னு கேக்குறாங்கக்கா," என்றாள் அவள் என்னைப் பார்த்து. அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். "தாலி கட்டுற போட்டோ ஒண்ணு இருந்தாப் போதும்னு வக்கீலு சொல்லுறாரு. நீங்கதான எடுத்தீங்க? இருக்கும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் சாமி திறந்துவிட்டார். "மிஷின் படுத்துருச்சும்மா. வைரஸ். எல்லாம் போச்சு. என்ன பண்றது, மேல ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துக்குவான்."

எனக்கு எரிந்தது. மேலே ஒருத்தன் பார்த்துக்கொள்வது இருக்கட்டும், கீழே இருக்கிற நீ ஒரு வார்த்தை, தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னால் நாக்கு அறுந்துவிடுமா? "ரெண்டு நாள் கழிச்சு வாங்க. நான் தேடுறேன்" என்று சொல்லி அனுப்பினேன். வாசல்படி இறங்கும்வரை அவள் மானிட்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் ரெக்கவரி முடிந்தது. ஒன்றும் இல்லை. சாதாரணமாக அழித்த டிஸ்க்கில் ஏதாவது மிஞ்சும். பாதிப் படம் வரும், பெயர் மட்டும் வரும், அடையாளமாக ஒரு துண்டாவது கிடைக்கும். இது சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. வைரஸ் இப்படிச் சுத்தம் பார்க்காது. யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் வேறொரு சிடி எடுப்பதற்காக மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே நான் பார்த்திராத ஒரு சிடி. மேலே மார்க்கர் பேனாவில் 'க்ளீன்' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. ஆல்பம் கவர்களில் மாப்பிள்ளை பெயர் எழுதும் அதே கொம்பு போட்ட எழுத்து.

"சாமி, இது என்னங்க?"

பூஜைப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பூ கையிலேயே இருந்தது.

"அதுவாம்மா... திருச்சியில ஒரு பிரண்டு குடுத்தான். டிஸ்க்கைத் தொடைக்கிறது. சும்மா டெலிட் பண்ணா உள்ளயேதான் இருக்குமாம்ல? இதுல போட்டா வேரோட போயிருமாம்."

"எதத் தொடைச்சீங்க?"

"இ டிரைவத்தாம்மா. பழைய குப்பை கொஞ்சம் இருந்துச்சு. மாலை போடப் போறோம், அதெல்லாம் வச்சுக்கிட்டு போடக் கூடாதுல்ல? சுத்தமா இருக்கணும்ல? அதான் முந்துன நாளு நீ போனதுக்கப்புறம் ஓட விட்டேன். டி-ய நான் தொடவே இல்ல, சாமி சத்தியமா."

சத்தியம் வேறு! ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்று எனக்குப் பட்டது. அந்த சிடியைப் போட்டு மிஷினை மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். விண்டோஸ் வராமல், அதற்கு முந்தின காலத்து டாஸ் மாதிரிக் கறுப்புத் திரை வந்தது. டிரைவ்களை வரிசையாகக் காட்டி, எதைத் துடைக்க வேண்டும் என்று கேட்டது. பக்கத்தில் போட்டிருந்த அளவுகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. டாஸ் டிரைவ்களுக்கு சி, டி என்று எழுத்து வைக்கும் கணக்கு வேறு. அது ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள முதல் பாகத்துக்கு முதலில் எழுத்துக் கொடுக்கும், அப்புறம்தான் மிச்சத்துக்கு வரும். அதனால் விண்டோஸ் இ என்று காட்டும் பழைய டிஸ்க் இங்கே டி ஆகிவிட்டது. கல்யாணப் படங்கள் இருந்த டி, இங்கே இ. இந்த மகானுபாவர் அளவைப் பார்க்காமல் இ-யைத் தட்டியிருக்கிறார். சுத்தமாவதற்கு அவ்வளவு அவசரம்.

எவ்வளவு குடும்பத்துக் கல்யாணம் போயிற்று! எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவர் துடைக்க நினைத்தது துடைபடவே இல்லை. இ டிரைவ் அப்படியே இருக்கிறது. பழைய டிஸ்க் ஆயிற்றே, ஆரம்ப காலத்தில் பேக்கப்புக்காக ஏதாவது கல்யாணப் படங்களை அதில் போட்டு வைத்திருப்பாரோ? ஒரு நப்பாசை. அவரிடம் சொல்லவில்லை. அவர் குளித்துவிட்டு மத்தியான பூஜைக்குக் கோயிலுக்குப் போகும்வரை காத்திருந்து, விண்டோஸுக்குத் திரும்பி இ டிரைவைத் திறந்தேன்.

சாகப்போகிற டிஸ்க் சட்டென்று திறந்தது. நல்ல ஆரோக்கியம்.

சினிமாக் குப்பை இருக்கும், எல்லா ஆண்களும் ஒளித்து வைக்கும் கண்றாவி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். அது இருந்தது, அதைத் தாண்டிவிடலாம். அதற்குக் கீழே ஊர் ஊராக ஃபோல்டர்கள். செந்துறை, திருமானூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம். திறந்தேன். எல்லாம் நாங்கள் எடுத்த கல்யாணங்கள். எல்லாம் மணப்பெண்கள். தாலி கட்டும்போது பெண் குனிவாளே, அந்த நொடி. முந்தானை ஒதுங்கிய நொடி, மணவறையில் வியர்வை துடைத்த நொடி. பக்கத்திலேயே அதே படத்தை முகம் இல்லாமல் வெட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார். 'தங்கச்சி, கொஞ்சம் தலைய சாய்ங்க.' சீ! எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாயில் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். ஒன்றும் சாப்பிடாமலே வாயெல்லாம் கசந்தது.

அந்தப் பெண்கள் எல்லாருடைய ஆல்பமும் நான் செய்தது. அவர்களுடைய அம்மாக்கள் எனக்குப் பந்தியில் இடம் பிடித்து உட்காரவைத்து, இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றியிருக்கிறார்கள். கடைசியாக ஒரு ஃபோல்டர், அதற்கு ஊர்ப் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. இன்றுவரை அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

கிளம்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் மானிட்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது கண்ணுக்குள் நின்றது. மறுபடி உட்கார்ந்து ஆண்டிமடம் ஃபோல்டரைத் திறந்தேன். கையைத் தொடையில் துடைத்துத் துடைத்து மவுஸைப் பிடித்தேன்.

இருந்தது. அவள் குனிந்திருக்கிறாள், அவன் தாலி முடிச்சுப் போடுகிறான். அவன் முகம், அவன் கை, மஞ்சள் கயிறு, பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற அவனுடைய அம்மா, எல்லாம் பளிச்சென்று. வெட்டாத முழுப் படம். இந்த ஆள் அந்தப் படத்தை ஏன் எடுத்து ஒளித்து வைத்தான் என்று தெரியும். அந்தக் காரணத்தால்தான் அது பிழைத்தது. நல்ல எண்ணத்தில் டி டிரைவில் போட்டு வைத்த அத்தனையும் போயிற்று, இது மட்டும் நின்றது. என்ன கருமம் இது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு படமும் அங்கே இருந்தது. மாலை மாற்றுவதற்கு முன்னால் எதையோ பார்த்துப் பல் தெரியச் சிரித்திருக்கிறாள். அதில் அவர் கழுத்துக்குக் கீழே வெட்டுக் கோடு போட்டு, அப்படியே சேவ் செய்திருந்தார். அதை நான் எடுக்கவில்லை. தாலி கட்டும் படத்தை மட்டும் இரண்டு சிடியில் எழுதிப் பைக்குள் வைத்தேன்.

போலீசில் சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. சொன்னால் அந்த டிஸ்க் ஸ்டேஷன் மேஜைக்குப் போகும், நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள், அந்தப் பெண்களின் ஊர்ப் பெயரோடு. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் கோயிலிலிருந்து வந்தார். நான் க்ளீன் சிடியைப் போட்டுக் கறுப்புத் திரையைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

"சாமி, நீங்க தொடைக்க நெனச்சது இன்னும் அப்புடியே இருக்கு. இதுல டி-ன்னு காட்டுது பாருங்க, அதுதான் ஒங்க இ. நீங்க தொடைச்சது எங்க எல்லாரோட வேலைய."

அவர் நெற்றிச் சந்தனத்தில் வியர்வை இறங்கியது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தாயா என்று கேட்கிற தைரியம் இல்லை.

"நீங்களே தட்டுங்க. மாலை போட்ட கையால தட்டுங்க."

"இல்லம்மா, மாலையோட இதெல்லாம்..."

"தட்டுங்க!"

தட்டினார். கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. அது முடியும்வரை நான் நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலில் போய் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சாமி சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் விண்டோஸில் பார்த்தேன். இ டிரைவும் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

அன்று சாயங்காலம் பெரம்பலூர் லேபில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மறுநாள் காலை ஸ்டூடியோ வாசலில் காத்திருந்த அவளிடமும் அவள் அப்பாவிடமும் கொடுத்தேன். அவள் படத்தை வாங்கியதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தாள். இருவரும் நேரே வக்கீலிடம் ஓடினார்கள்.

நான் உள்ளே போய் என் டிபன் பாக்ஸ், குடை, நான் வாங்கி வைத்திருந்த மவுஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் அவர்கள் திரும்பி வந்தார்கள். கையில் வாழைப்பழத் தாரும் கதம்பமும். எனக்கு இல்லை, சாமிக்கு.

"வக்கீலு பாத்துட்டு இது போதும்னுட்டாரு சாமி," என்றார் அவள் அப்பா. "அவன் ஆத்தாளே பின்னால நிக்கிறா, இனிமே எந்த வாயால இல்லைம்பான்னு கேட்டாரு. சாமி மாலை போட்ட நேரந்தான் எம்புள்ளைக்கு வழி பொறந்துச்சு."

"எல்லாம் அவன் செயலுங்க," என்றார் எங்கள் ஆள், மேலே கையைக் காட்டி. கூசவே இல்லை. என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"சாமி, நான் சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்தீங்களே," என்றாள் அவள். "ஆல்பத்துல வரல. நான் எப்பவுமே போட்டோவுல உம்முன்னுதான் இருப்பேன், அது ஒண்ணுதான் நல்லா வந்துச்சுன்னு நீங்களே காட்டுனீங்க. அது இருக்குமா?"

அவர் கண் முதல் தடவையாக என் மேல் வந்தது, வந்த வேகத்தில் தரைக்குப் போயிற்று. "அது... போயிருச்சும்மா."

"போயிருச்சு," என்றேன் நானும். வேறு என்ன சொல்ல.

"பரவால்லக்கா," என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் காலில் விழுவதற்காகக் குனிந்தாள். மாலை போட்ட சாமி காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். அவரும் தட்டிலிருந்து விரலில் திருநீற்றை எடுத்துவிட்டார். படத்தில் குனிந்த அதே கழுத்து, அதே மஞ்சள் கயிறு. அவர் கண் அங்கே போயிற்று. நான் பார்த்தேன், போயிற்று.

கையிலிருந்ததை எல்லாம் போட்டுவிட்டுப் போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். குடை உருண்டு அவர் காலடியில் கிடந்தது.

"குனியாத தாயி," என்றேன். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இங்க குனியாத."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் திருநீறு எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ஆண்டிமடம் பஸ் வரும்வரை ஸ்டாண்டில் கூடவே நின்றேன்.